கஅபாவைக் கழுவுகிறார்களே, அது அபிஷேகமா?

ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் காணொளி உங்கள் கைப்பேசிக்கு வந்துவிடும். மக்காவில் கஅபாவின் தங்கக் கதவு திறக்கிறது. சக்கரம் வைத்த படிக்கட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கதவோடு சேர்த்து நிறுத்துகிறார்கள். கையில் வெள்ளைத் துணியோடு சிலர் ஏறி உள்ளே போகிறார்கள். முஸ்லிம் நண்பர்கள் அதை மனமுருகிப் பகிர்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றொரு நண்பர் கேட்பார்: "இது எங்க கோயில் அபிஷேகம் மாதிரியா?"

நியாயமான கேள்விதான். 2023 பிப்ரவரி 12ஆம் தேதி சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் குடமுழுக்கு நடந்தபோது, கோபுரக் கலசங்களில் புனித நீர் ஊற்றப்பட்டதை நேரிலோ திரையிலோ பார்த்திருப்பீங்க. அதே சாலையில், சில அடி தூரத்தில்தான் ஜாமியா சூலியா பள்ளிவாசல். இரண்டையும் தாண்டித் தினமும் நடப்பவர்களுக்கு 'புனித இடம், புனித நீர்' என்றதும் ஒரே படம்தான் மனதில் வரும்.

சுருக்கமான பதில்: இல்லை, அது அபிஷேகம் இல்லை. குடமுழுக்கில் நீர் யாகசாலையில் வைக்கப்படுகிறது, மந்திரம் ஓதப்படுகிறது. அது கலசத்திலும் திருவுருவத்திலும் சேரும்போது இறைசக்தி புதுப்பிக்கப்படுகிறது என்பது நம்பிக்கை. கஅபாவுக்குள் திருவுருவம் எதுவும் கிடையாது. ஊற்றும் நீர் அந்தக் கட்டடத்துக்கு எந்தச் சக்தியையும் கூட்டுவதாக முஸ்லிம்கள் நம்புவதில்லை. அங்கே நடப்பது, பச்சையாகச் சொன்னால், வீட்டைத் துடைக்கும் வேலை. ஆனால் அதைச் செய்யக் கிடைப்பதே பெரிய கௌரவம்.

உள்ளே என்னதான் இருக்கு?

பலர் நினைப்பதுபோல் வெளியே இருக்கும் கறுப்புத் துணியை யாரும் நனைப்பதில்லை. கழுவுவது உள்பக்கத்தை. தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் கதவு வழியாக உள்ளே போனால் ஒரே ஓர் அறை. கூரையைத் தாங்க மூன்று மரத்தூண்கள். மேலே தொங்கும் பழைய விளக்குகள். பளிங்குத் தரை, சுவரிலும் பளிங்கு. அவ்வளவுதான். முதன்முறை படத்தைப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்.

அந்த வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. இஸ்லாத்துக்கு முன்பு அரபுக் குலங்கள் கஅபாவிலும் அதைச் சுற்றியும் சிலைகளை வைத்து வழிபட்டன. 360 சிலைகள் என்கிறது ஹதீஸ். 630ஆம் ஆண்டு நபிகள் நாயகம் மக்காவுக்குள் வந்தபோது அவை அகற்றப்பட்டன. தம் வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கும்படி இப்ராஹீம், இஸ்மாயீல் நபிமார்களுக்கு இறைவன் கட்டளையிட்டதாகக் குர்ஆனும் சொல்கிறது. இன்றைய சடங்கு இந்த இரண்டு நினைவுகளின் தொடர்ச்சி. இங்கே கழுவுவது என்றால், உள்ளே எதையும் சேர்க்காமல் வெறுமையாகவே வைத்திருப்பது என்றும் புரிந்துகொள்ளலாம்.

வாளியில் இருப்பது

ஸம்ஸம் தண்ணீர், பன்னீர், ஊது எண்ணெய். (சிங்கப்பூரில் 'ஸம்ஸம்' என்றதும் பாதிப் பேருக்கு சுல்தான் பள்ளிவாசல் எதிரே 1908 முதல் இருக்கும் முர்தபா கடைதான் ஞாபகம் வரும். பெயர் வந்தது இந்தத் தண்ணீரிலிருந்துதான்.) ஸம்ஸம் என்பது கஅபாவிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் கிணறு. பாலைவனத்தில் குழந்தை இஸ்மாயீலுக்குத் தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா மலைகளுக்கு நடுவே ஓடியபோது ஊறிய நீர் என்பது நம்பிக்கை. உம்ரா போய் வரும் சொந்தக்காரர்கள் குட்டி பாட்டிலில் கொடுப்பார்களே, அதுதான்.

பன்னீரை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் சொம்பிலிருந்து நம் மேல் தெளிக்கிறார்களே, அதே ரோஜா நீர். மக்காவில் அதற்குத் தாயிஃப் நகர ரோஜா பெயர் பெற்றது.

ஊது என்பது வேறொன்றுமில்லை, நம்ம அகில். பழந்தமிழ் இலக்கியத்தில் பெண்கள் கூந்தலுக்குப் புகை காட்டிய அதே அகில் கட்டை. மலாயில் காஹாரு. மலேசிய, இந்தோனேசியக் காடுகளிலிருந்து வரும் அகில் கட்டைக்குச் சிங்கப்பூர் நெடுங்காலமாகவே முக்கியமான வர்த்தக இடம். இங்கிருந்து மத்தியக் கிழக்குக்குப் போகிறது. அராப் ஸ்ட்ரீட் பக்கம் நடக்கும்போது அத்தர் கடைகளிலிருந்து வரும் அந்தக் கனமான வாசனைதான் கஅபாவின் சுவரிலும் பூசப்படுகிறது.

இந்தக் கலவையில் துணியை நனைத்துச் சுவரைத் துடைக்கிறார்கள். பலர் துணியை விட்டுவிட்டு உள்ளங்கையாலேயே தடவுவார்கள். தரையும் கழுவித் துடைக்கப்படும்.

யார் கழுவுவது?

சவூதி மன்னரின் சார்பில் மக்கா ஆளுநர் அல்லது துணை ஆளுநர். கூடவே அதிகாரிகள், முஸ்லிம் நாடுகளின் தூதர்கள், சாவிக்காரர். முன்பு மன்னர்களே நேரில் வந்து கழுவியதும் உண்டு. 1986இல் மன்னர் ஃபஹத், 'மாட்சிமை தங்கிய' என்பதை விட்டுவிட்டு 'இரு புனிதப் பள்ளிவாசல்களின் பணியாளர்' என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார். பட்டத்தில் அரசியலும் உண்டு, சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு மன்னர் 'பணியாளர்' என்பதைப் பெருமையாகச் சூடிக்கொள்கிறார் என்றால், இந்தத் துடைக்கும் வேலைக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்களேன்.

சாவிக்காரர் கதை இன்னும் சுவாரசியம். 630இல் மக்கா கைக்கு வந்த அன்று, சாவியை வாங்கிக் கதவைத் திறந்த நபிகள் நாயகம், அதைப் பழைய காவலர் உஸ்மான் பின் தல்ஹாவிடமே திருப்பிக் கொடுத்தார். ஆட்சிகள் எத்தனையோ மாறின. சாவி மட்டும் பனூ ஷைபா என்ற அந்தக் குடும்பத்தைவிட்டுப் போகவில்லை. மூத்த காவலர் ஸாலிஹ் அல் ஷைபி 2024 ஜூன் மாதம் காலமானதும் குடும்பத்தில் அடுத்தவரிடம் போனது.

நாள்: இஸ்லாமிய நாட்காட்டியில் முஹர்ரம் 15. சந்திர மாதம் என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் முன்னால் நகரும். 2025இல் ஜூலை 10. கறுப்புப் போர்வையான கிஸ்வாவை மாற்றுவது வேறு நிகழ்ச்சி. முன்பு ஹஜ் காலத்தில் நடந்தது, 2022 முதல் முஹர்ரம் 1க்கு மாறிவிட்டது. இரண்டு காணொளியும் இரண்டு வார இடைவெளியில் வருவதால் குழம்பிப்போகிறார்கள்.

அப்போ நாகூர்ச் சந்தனம்?

தமிழர்களிடையே இந்தப் பேச்சு எடுத்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். நாகூரில் ஷாகுல் ஹமீது நாயகத்தின் கந்தூரி 14 நாள் நடக்கும். நாகப்பட்டினத்திலிருந்து இரவு முழுக்கச் சந்தனக்கூடு ஊர்வலம் வந்து, விடியற்காலையில் அவருடைய அடக்கத்தலத்துக்குச் சந்தனம் பூசப்படும். கூட்டத்தில் இந்துக்களும் ஏராளம். தர்காவின் உயரமான 131 அடி மினாராவைக் கட்டித் தந்ததே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

சந்தனம் பூசுவது பெரியவர் மீதுள்ள அன்பு என்பார்கள் ஒரு சாரார். மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்பார்கள் இன்னொரு சாரார். ஒரே வீட்டில் தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் நிற்பதும் உண்டு. "கஅபாவையே வாசனை போட்டுக் கழுவுறாங்களே" என்று அந்தக் காணொளியை இந்த வாதத்துக்குள் இழுப்பது சரிவராது. ஒன்று, யாரும் அடக்கமாகாத, காலியான வீடு. மற்றது, ஒரு மனிதரின் அடக்கத்தலம். ஒன்றைக் காட்டி மற்றதைச் சரியென்றோ தவறென்றோ நிரூபிக்க முடியாது.

கஅபாவின் மூலையில் பதித்திருக்கும் கறுப்புக் கல்லைப் பற்றி இரண்டாம் கலீஃபா உமர் சொன்னதாக வரும் ஹதீஸ் இங்கே உதவும். நீ நன்மையோ தீமையோ செய்ய முடியாத கல் என்று எனக்குத் தெரியும், நபிகள் முத்தமிட்டதைப் பார்த்திருக்காவிட்டால் நானும் முத்தமிட்டிருக்கமாட்டேன் என்ற பொருளில் பேசினாராம். பெரும்பாலான முஸ்லிம்கள் கழுவும் சடங்கையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் ஒரு நாகூர் தர்கா இருப்பது தெரியும்தானே? தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. உள்ளே யாரும் அடக்கமில்லை. கடல் கடந்து நல்லபடியாக வந்து சேர்ந்த நன்றிக்கு எழுப்பிய நினைவிடம். 1974இல் தேசிய நினைவுச்சின்னமானது, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. எந்தச் சமயத்தவரும் போய்ப் பார்க்கலாம்.

சாதாரண ஆட்கள் கஅபாவுக்குள் போக முடியுமா?

அழைப்பு இல்லாமல் முடியாது. மக்காவுக்குப் போவதே எளிதில்லை. அண்மை ஆண்டுகளில் சிங்கப்பூருக்குக் கிடைத்த ஹஜ் இடங்கள் 900தான். முஸ்லிம் அல்லாதவர்கள் அந்த நகருக்குள் செல்லவும் அனுமதியில்லை.

ஆனால் யாத்திரை போகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கு. கஅபாவின் ஒரு பக்கத்தில், இடுப்புயர அரைவட்டச் சுவருக்குள் திறந்த இடம் ஒன்று தெரியும். பெயர் ஹதீம். முன்பு கஅபாவைத் திரும்பக் கட்டியபோது நல்வழியில் சேர்த்த பணம் போதாமல் குறைஷியர் வெளியே விட்டுவிட்ட பகுதி அது. மனைவி ஆயிஷா கஅபாவுக்குள் தொழ ஆசைப்பட்டபோது நபிகள் நாயகம் அவரை அங்கேதான் தொழச் சொன்னார். அதுவும் வீட்டின் பகுதியே என்றார். அழைப்பிதழும் வேண்டாம், படிக்கட்டும் வேண்டாம். கூட்டத்தில் ஓர் இடம் கிடைத்தால் போதும்.