நிகழ்ச்சி நடத்துவதும் ஒரு தொழில்தான்

ஆட்டம் பாட்டம் சோறு போடுமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பாங்க. கணக்குத் தெரிந்தால் போடும்.

1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க் நகரில் ஜமேக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் சிண்டி கேம்பல் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளிக்கூட உடுப்பு வாங்கக் காசு வேண்டும் என்பதே நோக்கம். இடம், தாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பொது மண்டபம். அழைப்பைக் கையாலேயே எழுதினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுப் போட்டவர் அண்ணன் கிளைவ். ஹிப்-ஹொப் பிறந்த இடம் என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள்.

பிள்ளைகளே, நீங்களும் சிறிதாகத் தொடங்குங்க. மண்டபம், ஒலிபெருக்கி, நோட்டீஸ் செலவை முதலில் கூட்டுங்க. அதை டிக்கட் விலையால் வகுத்தால், எத்தனை பேர் வந்தால் நட்டமில்லை என்று தெரியும். அத்தனை பேர் வருவாங்களா என்று சந்தேகமிருந்தால், வட்டிக்கு வாங்கி மட்டும் நடத்தாதீங்க.