பிக்கப்பும் வேணும், பெட்ரோலும் குடிக்கக் கூடாது!

மேலே இருப்பது என் அத்தை மகனின் வாசகம். அருப்புக்கோட்டைப் பக்கம் குமாரலிங்கபுரம் ஊர், மதுரையில் ஆபீஸ் வேலை. கார் வாங்க இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறான். நான் பி.காம். என்பதால் ஆலோசகர் பதவி என் தலையில்!

ஆசையில் தப்பில்லை. எங்கள் சித்தப்பாக்களுக்கு 1993-ல் மாருதி ஜென் வந்தபோது பிடித்த அதே கிறுக்குதான். 993 சி.சி., 50 குதிரை. இன்றைக்கு அது கொசு. ஆனால் வண்டியின் எடையும் சுமார் முக்கால் டன்தான், மிதித்தால் பறந்தது. சின்ன வண்டியின் துள்ளலில் பாதி என்ஜின், பாதி எடைக் குறைவு.

இப்போது இரண்டு கட்சி. டர்போ கட்சியில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன்: 998 சி.சி.யில் 120 குதிரை. 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேஸரும் 120-தான். எதிர்க்கட்சி, 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்ட். நாலு சிலிண்டரை மூன்றாக்கி, 90 குதிரையை 82 ஆகக் குறைத்து, லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர் என்று சர்டிபிகேட் வாங்கிவிட்டார்கள். என் லைனுக்கு அதே சர்டிபிகேட் சுமார் 20.

அந்த சர்டிபிகேட்டைக் கல்யாண போட்டோ மாதிரிதான் பார்க்க வேண்டும். சோதனைக்கூடத்து உருளைகள் மேல், ஏ.சி. போடாமல், 90-ஐத் தாண்டாமல் எடுத்த கணக்கு. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் ஏ.சி. இல்லாமல் ஓட்டினால் மைலேஜ் கிடைக்கும், ஆள் கிடைக்கமாட்டார். வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றும் விசிறி. காற்றை என்ஜினுக்குள் திணிக்கும்; காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். மெதுவாக மிதித்தால் சாது, அமுக்கினால் குடிகாரன்!

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 1,000 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய். நிஜ ரோட்டில் ஒன்று 20, இன்னொன்று 15 தருவதாக வையுங்கள். வித்தியாசம் மாதம் 1,667 ரூபாய். கார் விலையில் வித்தியாசம் மூன்று லட்சம் என்றால்? 9 சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை: மாதம் 6,200-க்கு மேல். ஆபீஸ் கேன்டீனில் மைலேஜுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறோம். காசு போவதோ வேறு வாசல் வழியாக.

"மாப்ளே, தங்கச்சி கல்யாணச் சீட்டு மாசம் எவ்வளவு கட்டுற?"

"அஞ்சாயிரம், மச்சான்."

அப்புறம் கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குட்பட்ட, 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் இரண்டு கட்சிக்குமே அது கிடைக்கிறது; வித்தியாசம் ஒழிந்தபாடில்லை.

டர்போவுக்காகவும் வாதாட வேண்டும். மதுரை - தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் எல்லை 100. அங்கே 82 குதிரையே தாராளம். திருச்சுழிப் பக்கத்து ஒற்றைச் சாலைதான் விஷயம். முன்னால் லாரி, எதிரே பஸ். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நொடிகளை டர்போ குறைக்கும். அது பந்தா இல்லை, உயிர். ஸ்விஃப்டில் ஒரு கியர் குறைத்து மிதிக்கவேண்டும். இல்லையேல் லாரிக்குப் பின்னாலேயே போகவேண்டும் (இதற்கு மைலேஜ் அபாரம்).

டயரையும் பாருங்கள். என் லைனின் டயர் 195/55. பக்கச்சுவர் உயரம் 107 மில்லிமீட்டர். ஸ்விஃப்டின் கீழ் மாடலில் 165/80, அதாவது 132. கரிசல் காட்டுப் பாதையில், குழியில் விழும்போது அந்த 25 மில்லிமீட்டர்தான் சக்கரத்தைக் காக்கும். சீமைக் கருவேல முள்ளுக்கு மட்டும் எந்தக் கட்சியும் ஒன்றுதான்.

ஷோரூமில் தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, மூன்றாவது கியரில் 50-லிருந்து 80-க்கு ஏற்றிப் பாருங்கள். அப்படித்தான் பார்த்தான். அடுத்த நாள் கீழ் மாடல் ஸ்விஃப்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டான். அத்தைக்கு இருந்தது ஒரே சந்தேகம்: "டிக்கியில மொளகா மூட்டை போகுமாய்யா?"

265 லிட்டர் இடம், போகும். ஏ.சி. போட்ட காரில் எல்லாரும் தும்மிக்கொண்டே வரவேண்டியிருக்கும், அவ்வளவுதான்!