உடைந்த வளையல்களின் ராஜ்யம்

"குப்பையிலே கிடந்தாலும் குன்றிமணியின் நிறம் மங்காது" என்பது நம் பாட்டிமார் சொல்லிவரும் பழமொழி. குன்றிமணியின் விஷயத்தில் அது முற்றிலும் உண்மையே. ஆனால் குப்பையிலே கிடப்பவை எல்லாம் குன்றிமணிகளா? பிடி போன பீங்கான் கோப்பை, விரிசல் கண்ட ஓடு, சூளையில் அளவுக்கு மிஞ்சி வெந்து கருகிய செங்கல், துருப்பிடித்த சைக்கிள் சட்டம் ஆகியவற்றுக்கு மங்காத நிறம் ஏது? தூக்கி எறிவதைத் தவிர இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதிலேயே ஒரு ரஸ்தா இன்ஸ்பெக்டர் தம் ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்டார். அவர் சொன்ன விடையைச் சண்டிகர் நகரத்தில் இன்றும் கண்ணாரக் காணலாம்.

1947-ஆம் வருஷத்தில் பஞ்சாப் மாகாணம் இரண்டாகப் பிளவுண்டபோது, அதன் தலைநகரமான லாகூர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. வீடு வாசலை இழந்து லக்ஷக்கணக்கான ஜனங்கள் இப்பால் வந்து சேர்ந்தார்கள். நம் பங்குக்குக் கிடைத்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் ஒன்று அவசியமாயிற்று. சிவாலிக் மலையடிவாரத்தில் அதற்கு இடம் தேர்ந்தெடுத்தார்கள். லெ கொர்பூஸியே என்னும் உலகப் பிரசித்தி பெற்ற சிற்பியின் தலைமையில் நிர்மாண வேலை நடைபெற்றது. நூல் பிடித்தாற்போன்ற சாலைகளும், கட்டம் கட்டமாக வகுத்த பேட்டைகளும், பிரம்மாண்டமான கான்கிரீட் மாளிகைகளும் எழுந்தன. பழமையின் தளைகளிலிருந்து விடுபட்ட புதிய பாரதத்தின் சின்னமாக அந்நகரம் விளங்கவேண்டும் என்று பண்டித நேரு விரும்பினார்.

உயர்ந்த விருப்பந்தான். எனினும், அந்த இடம் வெறும் பொட்டல் அல்ல. அங்கே முன்பிருந்த பல கிராமங்களை அகற்றிய பிறகே நகரம் உருவாயிற்று. எத்தனையோ தலைமுறைகள் புழங்கிய சட்டி பானைகளும், ஓடுகளும், பெண்கள் கையில் குலுங்கிய கண்ணாடி வளையல்களும் இடிபாட்டுக் குவியல்களில் சிதறிக் கிடந்தன. புதிய நகரத்துக்கு அவற்றால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

பிரயோஜனம் உண்டென்று கண்டவர் ஸ்ரீ நேக் சந்த். 1924-இல், இப்போது பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையின்போது சொந்த ஊரை விட்டு வந்த அந்த லக்ஷக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். சண்டிகர் மராமத்து இலாகாவில் அவருக்கு ரஸ்தாக்களைப் பார்வையிடும் உத்தியோகம் கிடைத்தது. 1957-ஐ ஒட்டி, பகல் வேலை முடிந்ததும் அவர் சைக்கிளில் ஏறிக் கிளம்பத் தொடங்கினார். மலையடிவாரத்துக் காட்டாறுகளில் இறங்கிக் கல் பொறுக்கினார்.

சாதாரணக் கற்கள் அல்ல அவை. வெள்ளத்தில் உருண்டு, மெத்தென்ற பாகம் கரைந்து, கடினமான பாகம் மட்டும் எஞ்சி நிற்கும் கற்கள். ஒன்று கழுத்தை வளைத்த பறவையைப் போல இருக்கும். ஒன்று மூட்டை சுமக்கும் கிழவியைப் போல இருக்கும். உளி தொடாத அந்தச் சிற்பங்களைக் காலமும் தண்ணீரும் செய்து வைத்திருந்தன. அவற்றைக் கண்டெடுக்கும் கண்தான் வேண்டியிருந்தது.

கற்களுக்குப் பிறகு, கிராமங்களின் இடிபாடுகளையும் நகரத்தின் கழிவுகளையும் சேகரித்தார். சுக்னா ஏரிக்குச் சமீபத்தில் புதர் மண்டிய சர்க்கார் காடு ஒன்று இருந்தது. அங்கே எவரும் எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். ஆகவே ஒருவருக்கும் தெரியாமல், இரவு வேளைகளில், பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் அவர் வேலை செய்தார். இரும்புத் துண்டுகளால் எலும்புக்கூடு. அதன்மேல் சிமெண்டுச் சதை. அதற்கும் மேலே வளையல் துண்டுகளும் பீங்கான் சில்லுகளுமாகிய தோல். இப்படி ராஜாக்கள், குடிஜனங்கள், குடம் சுமக்கும் மாதர், குரங்குகள், மயில்கள் என்று நூற்றுக்கணக்கான உருவங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. நவராத்திரிக் கொலு ஒன்று படிகளை விட்டிறங்கிக் காடு முழுவதும் பரவினாற்போல் இருக்கும் காட்சி அது. சுக்ரானி என்னும் தேவ ராஜ்யமாக அதை அவர் பாவித்தார்.

ஏறத்தாழப் பதினெட்டு வருஷங்கள் மறைந்திருந்த இந்த ராஜ்யம் 1970-களின் மத்தியில் வெளிப்பட்டது. உத்தியோகஸ்தர்களுக்கு இக்கட்டான நிலைமை. சட்டப்படி பார்த்தால் இடித்துத் தள்ளவேண்டும். செய்தவரை வேலையினின்றும் நீக்கவேண்டும். ஆனால் பார்த்தவர்களுக்கு இடிக்க மனம் வரவில்லை. 1976-இல் அது பொதுஜனங்களுக்குத் திறந்து விடப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளமும், உதவிக்கு ஆட்களும் தந்து, இதே வேலையைப் பகிரங்கமாகச் செய்யும்படி ஏற்பாடாயிற்று. 1984-இல் பத்மஸ்ரீ விருது அளித்து சர்க்கார் அவரைக் கௌரவித்தது. 2015-இல் தமது தொண்ணூறாவது வயதில் அவர் காலமானார்.

இவ்வளவு புகழ் பெற்ற தோட்டத்துக்கு இனி ஆபத்தில்லை என்று நினைத்தால் அது தவறு. 2025-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில், பக்கத்திலுள்ள ஹைகோர்ட்டுக்குப் போகும் சாலையை அகலப்படுத்தவும், வண்டிகள் நிறுத்த இடம் செய்யவும், தோட்டத்து மதிலில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகரவாசிகள் பலர் வருந்தி ஆக்ஷேபித்தார்கள். போக்குவரத்து நெருக்கடி பொய்யல்ல; கோர்ட்டுக்கு வருகிறவர்களின் கஷ்டமும் பொய்யல்ல. ஆனால் கழித்துப் போட்டவற்றைக் கொண்டு ஒரு மனிதர் எழுப்பிய சுவரையே மறுபடியும் கழித்துப் போடுவதென்றால் நெஞ்சு துணுக்குறத்தான் செய்கிறது.

வீட்டிலுள்ள ஓட்டை உடைசல்களையெல்லாம் பரணில் ஏற்றி வைக்கவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சேர்த்து வைப்பது மட்டும் ரசனையாகாது. கரப்பான் பூச்சிகளுக்குத்தான் அதனால் லாபம். நேக் சந்த் செய்தது வேறு. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அது எதற்கு ஏற்றது என்று யோசித்து, அதற்கு உரிய இடத்தில் வைத்தார். குன்றிமணி தன் நிறத்தைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது. உடைந்த வளையலின் நிறத்தை வேறொருவர்தான் காப்பாற்றிக் கொடுக்கவேண்டும். ஊரை இழந்து வந்த ஒருவர், ஊர் இழந்தவர்களின் வளையல்களுக்கு அந்த உபகாரத்தைச் செய்தார். பழமையே வேண்டாம் என்று எழுந்த நகரத்துக்கு அதன் பூர்வ கதையைச் சொல்ல, இன்று அந்தத் தோட்டத்தைவிடச் சிறந்த சாட்சி இல்லை.

சிம்லாவுக்கு யாத்திரை செல்லும் குடும்பங்கள் சண்டிகரில் ஒரு பகல் தங்கிச் செல்லலாம். குழந்தைகளையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். "இந்த மயிலின் தோகை முன்பு என்னவாக இருந்தது?" என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே பல வாசல்கள் மிகவும் தாழ்வானவை. எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் நுழையவேண்டும். அப்படிக் குனியும்போது இருபுறத்துச் சுவரிலும் பதிந்திருப்பவை நாம் தினந்தோறும் வாசலுக்கு வெளியே வீசி எறியும் சாமான்களே.