நோட்டுப் புத்தகத்தில் கூட்டாட்சி

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் குடிமையியல் ஒரு பிரிவு. பொருளியல் வேறொரு பிரிவு. வரியையும் அதை விதிக்கும் அதிகாரத்தையும் மாணவர்கள் தனித்தனியே மனப்பாடம் செய்கின்றனர், இணைத்துப் பார்ப்பதில்லை.

அண்ணாமலை நகர்க் கடையில் வாங்கும் நோட்டுப் புத்தகம் ஒன்றே இணைப்பதற்குப் போதும் என்பேன். அதற்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. பழைய நோட்டின் அட்டையிலுள்ள விலையையும் புதியதன் விலையையும் மாணவர்களே ஒப்பிடட்டும். குறையவில்லையெனில் கடைக்காரரிடம் காரணம் கேட்பதும் பாடம்தான்.

நீக்கியது யார்? பேரூராட்சி அன்று; தமிழக அரசு தனித்தும் அன்று. பரிந்துரைத்தது ஜிஎஸ்டி மன்றம். அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு தேவை. எல்லா மாநிலங்களும் ஒன்றுபட்டாலும் ஏறத்தாழ 67 சதவீதமே. மத்திய அரசு இணங்காமல் எதுவும் நிறைவேறாது. கூட்டாட்சிக்கு ஒரு பக்க விளக்கம் எழுதும் மாணவர், இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்க்க வேண்டாமா?

தேர்வில் இதற்கு மதிப்பெண் ஏது என ஆசிரியர்கள் தயங்கலாம். அம்மாணவர்கள் இன்னும் மூன்றாண்டுகளில் வாக்காளர்கள். ஒரு பாடவேளையேனும் ஒதுக்குங்கள்.