பின்னாலிருந்து நகலெடுத்ததால் கெட்ட பாட்டு

2010-இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிய சிலருக்கு ஒரு விசித்திரத் தொல்லை. பிரவுசரில் ஃப்ளாஷ் பிளகின், அதாவது பிரவுசருக்குள் செருகி ஓட்டும் துணை நிரல், பாட்டைச் சிதைத்து ஒலித்தது. மற்ற பிளேயர்களில் ஒலி சுத்தமாக இருந்தது.

லினக்ஸில் சத்தம் கெட்டால் முதல் சந்தேகம் இருவர் மேல்தான் விழும். சவுண்ட் கார்டோடு பேசும் ஆல்சா ஒன்று. பல நிரல்களின் ஒலியைக் கலந்து ஒன்றாக அனுப்பும் பல்ஸ்ஆடியோ இன்னொன்று. இந்த வழக்கில் இரண்டுமே நிரபராதிகள்.

கணினிக்குப் பாட்டு என்பது எண்களின் வரிசை. சிடி தரத்தில் ஒரு காதுக்கு நொடிக்கு 44,100 எண்கள்; இரண்டு காதுக்கும் சேர்த்து 1,76,400 பைட்டுகள். இவற்றை நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யும் சிறு கட்டளை மெம்காப்பி. லினக்ஸ் நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற நிரல் தொகுப்பில் அது இருக்கிறது.

பத்துப் பிள்ளைகள் சிலேட்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலேட்டிலும் ஓர் எண். ஒவ்வொருவரும் வலப்பக்கத்துச் சிலேட்டைப் பார்த்துத் தன்னுடையதை அழித்து எழுத வேண்டும். இடக்கோடியிலிருந்து தொடங்கினால் எல்லா எண்ணும் ஓரிடம் ஒழுங்காக நகரும். வலக்கோடியிலிருந்து தொடங்கினால்? ஒன்பதாமவன் பத்தாமவனுடையதை எழுதுவான், எட்டாமவன் அதையே எழுதுவான். கடைசியில் பத்துச் சிலேட்டிலும் ஒரே எண்!

இப்படி எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மெம்காப்பியைத் தொடக்கூடாது, மெம்மூவ் என்ற கட்டளையைத்தான் அழைக்க வேண்டும் என்பது விதி. ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. மெம்காப்பி முன்னாலிருந்தே நகலெடுத்து வந்த காலம்வரை தப்பு வெளியே தெரியவில்லை. வேகத்துக்காக எழுதிய புது மெம்காப்பியோ சில இன்டெல் செயலிகளில் பின்னாலிருந்து நகலெடுத்தது. அதனால்தான் ஒரே ஃபெடோரா, ஒரே ஃப்ளாஷ் இருந்தும் ஒரு கணினி ஒழுங்காகப் பாடியது, இன்னொன்று கரகரத்தது.

ஃப்ளாஷின் மூலநிரல் வெளியார் கைக்குக் கிடைக்காது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டார்வால்ட்ஸ், பத்திரமாக நகலெடுக்கும் ஒரு குட்டி மெம்காப்பியை எழுதி, ஜிலிப்சிக்கு முன்னால் அதை ஏற்றினார். ஃப்ளாஷ் மெம்காப்பியைக் கூப்பிட்டால் வந்து நிற்பது இதுதான். விதி யார் பக்கம் இருந்தாலும், பயனருக்கு நேற்றுவரை ஓடியது இன்று ஓடாமல் போகக்கூடாது என்று அவர் வாதாடினார். நியாயம் அவர் பக்கம்தான் என்பேன்.

நிரந்தரத் தீர்வு இன்னும் அழகு. 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14-இல் ஒரே பெயரில் இரண்டு மெம்காப்பிகள். ஒவ்வொரு நிரலும் எந்தக் காலத்து ஜிலிப்சியை நம்பி உருவானது என்ற முத்திரையைத் தன்னோடு சுமந்து வருகிறது. முத்திரை பழையதென்றால் மெம்மூவ் போல நடக்கும் பத்திரமான மெம்காப்பி கிடைக்கும், புதியதென்றால் வேகமானது.

ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அந்தப் பத்திரமான மெம்காப்பி இன்டெல் வகை 64-பிட் லினக்ஸ் கணினிகளில் இன்றும் இருக்கிறது.