நடந்து வருவோருக்காக ஒரு கோயில்

ஜூலை பிறந்துவிட்டால் போதும், என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களில் சிலர் பாட்டு கேட்ட கையோடு, "இந்த வாரம் புக்கிட் மெர்தாஜாம் போறோம்" என்பார்கள். ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை ஏறி, மெனோரா சுரங்கம் தாண்டி வடக்கே போகும் பயணம். ஜூலை 26, புனித அன்னம்மாள் திருவிழா. அன்னம்மாள் மரியாளின் தாய், அதாவது இயேசுவின் பாட்டி. மெழுகுவர்த்திப் பவனியில் தமிழரும் சீனரும் சேர்ந்தே நடப்பார்கள். எங்களைப் போன்ற இந்துக் குடும்பங்களும் அதில் உண்டு.

1846இல் அங்கே குன்றின் மீது முதல் சிற்றாலயம் எழுந்தது. 1888இல் அடிவாரத்தில் ஒரு கோயிலைக் கட்டியவர் பாதிரியார் சோரின். பிரெஞ்சுக்காரர்.

அவருடைய நாட்டில் யாத்திரைக் கோயிலுக்கென்றே ஒரு கட்டட மரபு இருந்தது. துலூஸ் நகரின் புனித செர்னின் ஆலயம் 1096இல் அர்ச்சிக்கப்பட்டது, ரோமனெஸ்க் பாணி. தடித்த சுவர், அரைவட்ட வளைவு, பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கல் கூரை. அங்கே என்னை ஈர்ப்பது பலிபீடத்தின் பின்னால் சுற்றிவரும் நடைபாதை. பூசை நடந்துகொண்டே இருக்கும். யாத்ரிகர் அதற்கு இடைஞ்சல் இல்லாமல், ஓரமாகச் சுற்றி, சிறு பீடங்களில் புனிதர்களை வணங்கிப் போகலாம். பிரகாரம் சுற்றிய கால்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

புக்கிட் மெர்தாஜாமில் சிலுவைப்பாதை வெளியே, குன்றில் ஏறுகிறது. அந்தப் பாதைக்கும் ஒரு காலம் தடை வந்தது. 1948இல் அவசரகாலம் தொடங்கியதும் அந்தச் சுற்றுவட்டாரம் 'கறுப்புப் பகுதி' ஆனது. மக்கள் போக முடியாமல் கோயில் கைவிடப்பட்டது. புதுக்கிராமத்தில் வளர்ந்த ஜெலாப்பாங் பெரியவர்களுக்கு அந்த வருடங்களின் முள்வேலி தெரியும். ஆனாலும் கூட்டம் திரும்பி வந்தது.

2002இல் பெரிய கோயில் எழுந்தது. கூரை மினாங்கபாவ் பாணி. நெகிரி செம்பிலான் வீடுகளைப் போல் முனைகள் கொம்பாக உயரும். தேவாலயத்துக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. பொருந்தும் என்பதே என் கட்சி. ரோமானியர் வளைவைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொள்ளவில்லையா? 2019இல் ரோம் இதற்குப் பசிலிக்கா தகுதி தந்தது.

1888இல் கட்டிய கோயில் இன்னும் நிற்கிறது. திருவிழா நெரிசலில் அதை நிதானமாகப் பார்க்க முடியாது. ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.