முழங்காலில் அடிபட்டால்

பாசி படிந்த கிணற்றடியிலோ ஈரம் உலராத குளியலறையிலோ வழுக்கியும், மணல் சிதறிய சாலைத் திருப்பத்தில் இரு சக்கர வாகனம் சறுக்கியும் விழுகிற ஒருவர், எழுந்து நின்று ஆடையைத் தட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லியபடியே நொண்டி நடந்து வீடு சேர்வது நம்மிடையே சகஜம். மூன்றாம் நாள் முட்டி வீங்கி மடக்க இயலாமற் போனதும் எண்ணெய் போட்டு உருவுகிறவரையோ மூங்கில் தப்பை வைத்துக் கட்டுகிறவரையோ தேடிப் போவதும், அதிலும் குணம் காணாமல் சில மாதம் சென்றபின் ஸ்கேன் படத்தோடு அறுவை மேஜைக்கு விரைவதும் அதைப் போலவே சகஜமாகிவிட்டன. முதலில் அலட்சியம், பிறகு அவசரம் என்ற இந்த முறையினால் எத்தனையோ நல்ல கால்கள் ஊனப்படுகின்றன. அடிபட்ட முதல் சில மணி நேரத்தில் முழங்கால் தானே காட்டும் அடையாளங்களைக் கவனித்திருந்தால் அக்கால்களிற் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் முன்புறம் முட்டிச் சில்லும், இரு பக்கங்களிலும் மூட்டின் உள்ளே குறுக்காகவும் அமைந்த நான்கு பிணைநார்களும், எலும்புகளுக்கிடையே மெத்தை போலப் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகளும் உள்ளன. நாரையும் குருத்தெலும்பையும் ஒன்றாக ஜவ்வு என்றே சொல்லிவிடுவது வழக்கம். எது கிழிந்தது என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறுவதால், நோயாளி அதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

விழுந்த இரண்டொரு மணி நேரத்துக்குள்ளேயே முட்டி பருத்துவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று கொள்ளவேண்டும். விழும்போது உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டதாகவும், பிறகு திரும்பும்போதெல்லாம் கால் பிடி விட்டுப் போவதாகவும் சொல்பவருக்கு, மூட்டினுள்ளே இருக்கும் முன்பிணைநார் அறுந்திருப்பதற்கு இடமுண்டு. வீக்கம் மெல்ல மறுநாள் தோன்றி, கால் ஒரு நிலையில் சிக்கிக்கொண்டு நீட்ட வராமற் போனால் குருத்தெலும்பைச் சந்தேகிக்கலாம். மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடியே தூக்க முடியவில்லையென்றால் முட்டிச் சில்லோ அதைத் தாங்கும் தசைநாரோ முறிந்திருக்கக்கூடும். இது நாள் கடத்தக் கூடாத காயம், வாரங்கள் கழிந்தபின் தைப்பது கடினம். எக்ஸ்ரே யாருக்கு வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி உலகெங்கும் அனுசரிக்கப்படுகிறது: வயது 55-ஐ எட்டியவர், முட்டிச் சில்லில் மட்டுமோ அல்லது முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்புறமுள்ள எலும்பு முனையிலோ தொட்டால் வலிப்பவர், காலை 90 பாகை மடக்க இயலாதவர், அடிபட்ட உடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாதவர் ஆகியோரில் ஒருவராயினும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

இவை அனைத்தினும் கொடிய அபாயம் வேறொன்று. முட்டி கோணி, பாதம் வெளுத்துச் சில்லிட்டு, மரத்துப்போய், நுனிக்காலை மேலே தூக்க முடியாமல் இருந்தால், மூட்டுக்குப் பின்னே ஓடும் ரத்தக்குழாயோ நரம்போ சேதமுற்றிருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலையே இழக்க நேரிடும் என்பதால், ஒரு கணமும் தாமதியாமல் 108-ஐ அழைக்கவேண்டும். வீங்கிய காலை இறுக்கிக் கட்டுவதும் இதே அபாயத்தில் கொண்டுபோய் விடக்கூடியது. கட்டுக்குக் கீழே விரல்கள் நீலம் பாரிப்பதைக் கண்டும், வலி தணிந்துவிடும் என்று காத்திருந்து காலை இழந்தவர்களுக்காக நான் மனமார வருந்துகிறேன்.

வீட்டில் செய்யத்தக்கது சொற்பமே: காலுக்கு ஓய்வு கொடுத்து, தலையணைமேல் உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிஷம் வைத்து எடுத்து, சில மணிக்கொருமுறை திரும்பச் செய்வது. முதல் இரண்டு மூன்று நாள் உருவுதலும் வெந்நீர் ஒத்தடமும் கூடா. அவை ரத்தக் கசிவை மிகுவிக்கும். திறந்த காயமிருந்தால் தனுர்வாதத்துக்குரிய ஊசி போடவேண்டும். பிறகு காய்ச்சலோடு முட்டி கொதித்தாலும், கெண்டைக்கால் வீங்கி மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

அறுவையைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். நடுவயது கடந்தவர் பலருக்கு வலியே இல்லாத முட்டியிலும் ஸ்கேனில் கிழிசல் தெரியும். பின்லாந்தில் 146 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வயதினால் தேய்ந்து கிழிந்த குருத்தெலும்பை நுண்துளை மூலம் வெட்டி எடுத்தவர்களும், வெட்டுவதுபோல் பாவனை மட்டுமே செய்யப்பட்டவர்களும் ஓராண்டில் ஒரே அளவு குணம் பெற்றிருந்தார்கள். முன்பிணைநார் அறுந்த வாலிபர்களை முதலில் உடற்பயிற்சியில் ஈடுபடுத்திய ஸ்வீடன் தேசத்து மருத்துவர்கள், ஐந்தாண்டு கடந்த பின்னும் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அறுவை தேவைப்படவில்லை என்று கண்டார்கள். ஆகவே, கால் சிக்கிக்கொள்ளாமலும் எலும்பு முறியாமலும் இருக்கும்போது, தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைச் சில மாதம் சிரத்தையாகச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

சிகிச்சை பெறும் விஷயத்தில் சட்டம் நோயாளியின் பக்கம் நிற்கிறது. விபத்துக்குள்ளானவருக்குப் போலீஸ் நடைமுறைகளுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்தானால், 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்த சம்மதமாகாது என்பது 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. வேலைத்தலத்தில் விழுந்த ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளி அதை உடனே விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்தால், ஊனக்காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் பெறலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைகள்மீது அந்த வழி இல்லை.

இவ்வுரிமைகளை நிலைநாட்டக் காகிதமே ஆதாரமாதலால், விழுந்த தேதியும் நேரமும் விழுந்த விதமும் முதல் மருத்துவச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசகர்கள் தவறாமல் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.